நெல் வயலில் கடல் உப்பு!

பிச்சாவரம் என்றதும் எல்லோருக்கும் படகுதான் நினைவுக்கு வரும். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பது போல அவற்றின் வேர்கள். நடுவே வளைந்து வளைந்து ஓடை. 1975-ம் ஆண்டில் வெளிவந்த "இதயக்கனி" படத்துக்காக எம்.ஜி.ஆர். வந்து நடித்த இடம் இதுதான்.

படகில் ஏறுகிறவர்கள் காட்டைப் பார்க்கிறார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் வயல்களை யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை.

அந்த வயல்களில் ஒரு சண்டை நடக்கிறது. நெல்லுக்கும் உப்புக்கும் சண்டை!

சிதம்பரத்தில் இருந்து கிழக்கே கிள்ளை வழியாகக் கோடை காலத்தில் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அறுவடை முடிந்து வயல் வெறுமனே கிடக்கும். சில வயல்களின் மேல் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளையாகப் பூத்து இருக்கும். விரலால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு!

உப்பளத்தில் உப்பு விளைந்தால் லாபம். நெல் வயலில் உப்பு விளைந்தால் வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போகும்.

ஆறு தள்ள, கடல் தள்ள...

இந்த உப்பு எப்படி வந்தது?

பிச்சாவரம் காட்டுக்கு வடக்கே வெள்ளாறு கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம் கடலில் கலக்கிறது. நடுவில் இருக்கும் நிலம் தட்டையானது. கடல் மட்டத்தை விட அதிக உயரம் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஆறும் கடலும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்தால் கடல் பின்வாங்கும். ஆறு வற்றினால், கடல் நீர் முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் ஏறி வரும். அங்கிருந்து வாய்க்காலுக்கு வரும். பிறகு வயல் ஓரத்துக்கு வந்துவிடும்.

கொள்ளிடம் என்பது காவிரியின் உபரித் தண்ணீர் போகும் வழி. வெள்ளம் வந்தால்தான் அதில் வேகமாகத் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் மணல்தான். சிதம்பரம் வட்டாரத்துப் பாசனத்துக்குக் கொள்ளிடத்தின் கீழணையில் இருந்து தண்ணீர் பிரிகிறது. வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால்களில் பாய்கிறது. சோழர் காலத்து ஏரி அது. சென்னை நகரத்தின் குடிநீருக்கும் 2004-ம் ஆண்டு முதல் அதில் இருந்துதான் தண்ணீர் போகிறது.

கிள்ளை, பிச்சாவரம் பக்கம் எல்லாம் கடைமடை. கடைமடைக்காரரின் கஷ்டம் தனிக் கஷ்டம். பாசனத் தண்ணீர் கடைசியாக அவரிடம் வரும். வெள்ளத் தண்ணீரோ மேலே உள்ள எல்லோருடைய வயலையும் கடந்து அவர் வயலில் வந்து நிற்கும்!

ஓர் அடிக்கு நாற்பது அடி

தரைக்கு அடியிலும் இதே சண்டை நடக்கிறது.

நல்ல தண்ணீர் எடை குறைந்தது. கடல் நீர் எடை கூடியது. ஆகவே கடற்கரை ஊர்களில் பூமிக்குள் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். உப்புத் தண்ணீர் கீழே படுத்திருக்கும். இரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல தண்ணீர் இருந்தால், அது கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து நல்ல தண்ணீரை ஓர் அடி குறைத்துவிட்டால், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல 40 அடி மேலே ஏறிவிடும். நேற்று வரை இனித்த குழாய்க் கிணறு இன்று கரிப்பது இப்படித்தான்.

இதில் கடலே உயரத் தொடங்கினால்?

உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1901-ம் ஆண்டில் இருந்து 2018-ம் ஆண்டுக்குள் உலகக் கடல்களின் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு சாண்! நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகை, பூமியைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டது. அதனால் பூமி சூடாகிறது. சூடான தண்ணீர் விரிகிறது. மலைகளிலும் துருவங்களிலும் இருக்கும் பனிக்கட்டி உருகிக் கடலில் சேர்கிறது. உலக நாடுகளின் விஞ்ஞானிகள் கூடி 2021-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இப்போது உயரும் வேகம் முன்பு இருந்ததை விட அதிகம்.

ஒரு சாண்தானே என்று மலையடிவாரத்தில் இருப்பவர் சொல்லலாம். கிள்ளையில் இருப்பவர் சொல்ல முடியாது. தட்டையான நிலத்தில் ஒரு சாண் தண்ணீர் நெடுந்தூரம் போகும்.

ஆனால் எல்லாப் பழியையும் கடல் மீதே போடுவதும் சரி இல்லை. மனிதன் செய்ததும் உண்டு. 1990-களில் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் முளைத்தன. கடல் நீரை உள்ளே கொண்டுவந்து குளம் குளமாகத் தேக்கினார்கள். பக்கத்து வயல்களிலும் கிணறுகளிலும் உப்பு ஊறியது. காந்தியவாதி ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. கடலில் இருந்து 500 மீட்டருக்குள் அப்படிப்பட்ட பண்ணைகள் இருக்கக் கூடாது என்று கோர்ட்டு கூறியது. அதற்குள் கெட்ட வயல்கள் கெட்டவைதான்.

மழையும் மாறிவிட்டது

உப்பு ஒரு பக்கம் என்றால், மழை இன்னொரு பக்கம்.

இந்தப் பகுதியில் முக்கியமான பயிர் சம்பா. ஆவணி, புரட்டாசியில் விதைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் வளரும். தை, மாசியில் அறுப்பார்கள். பாட்டன் காலத்து ஏற்பாடு இது. மழைக்கும் பயிருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை மழை மீறுகிறது.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. 2015-ம் ஆண்டில் கடலூர் மாவட்டத்தில் பெரு வெள்ளம். 2020-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் "நிவர்" புயல். அது போய் ஒரு வாரம் ஆவதற்குள் "புரெவி"! அந்த டிசம்பர் மழையில் சிதம்பரம் நடராஜர் கோவிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சுற்றியுள்ள சம்பா வயல்கள் ஏரி போல ஆயின.

அத்தோடு முடிந்ததா? இல்லை. எஞ்சிய பயிரை விவசாயிகள் காப்பாற்றி எடுத்தார்கள். கதிர் முற்றியது. பொங்கல் வந்தது. 2021-ம் ஆண்டு ஜனவரியில், மழை ஓய வேண்டிய நேரத்தில், மறுபடியும் கொட்டியது. அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. முளைத்த நெல்லை எந்தக் கொள்முதல் நிலையத்தில் வாங்குவார்கள்?

புயல் என்றைக்கும் உண்டு. ஒவ்வொரு புயலையும் பூமி சூட்டின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் சூடான கடலில் இருந்து ஆவி அதிகம் எழும். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும். இதை விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

வெயிலும் சும்மா விடவில்லை. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கருகும். பூத்தது பதராகும். பகல் வெயிலை விட இரவுப் புழுக்கம் இன்னும் மோசம். பகலில் பயிர் சமைத்து வைத்த உணவை, புழுக்கமான இரவில் அது தானே மூச்சு விட்டுச் செலவழித்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் வயலில் 1979 முதல் 2003 வரை கணக்கு எடுத்தார்கள். கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தது.

வடக்கே கோதுமைக்கும் இதே கதி. 2022-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அடித்த வெயில் கோதுமை மணியைச் சுருங்க வைத்துவிட்டது. கோதுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசாங்கம் அந்த மே மாதம் 13-ந் தேதி தடை போட்டது. சப்பாத்திக்கும் சோற்றுக்கும் ஒரே பகைவன்!

உவர் வேறு, களர் வேறு

சரி, விவசாயி என்ன செய்வது? நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதா?

போனவர்கள் உண்டு. போகாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மண்ணைச் சோதித்துப் பார்ப்பது. ஏன் என்றால், உப்பு நிலம் இரண்டு வகை. ஒன்று உவர். மற்றொன்று களர். பேச்சில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் வைத்தியம் வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பணம்தான் வீண்.

வயலில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அது உவர் நிலம். கடல் நீர் ஏறிய வயல் பெரும்பாலும் முதலில் இப்படித்தான் இருக்கும். இதற்கு மருந்து நல்ல தண்ணீர். வயலைச் சமப்படுத்தி, உயரமாக வரப்புக் கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்க வேண்டும். உப்பு அதில் கரையும். பிறகு அந்தத் தண்ணீரை வடிகாலில் விட வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் உப்பு இறங்கும். வடிகால் இல்லாமல் தண்ணீர் மட்டும் தேக்கினால், கரைந்த உப்பு அங்கேயே காய்ந்து மறுபடியும் மேலே வரும்.

களர் நிலம் அப்படி இல்லை. நனைந்தால் வழுக்கும். காய்ந்தால் கல் போல இறுகும். தண்ணீர் கீழே இறங்காது. இதில் சோடியம் என்ற பொருள் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரால் மட்டும் அது போகாது. ஜிப்சம் போட வேண்டும். ஜிப்சம் அந்தச் சோடியத்தைப் பிரித்து விடும். அதற்குப் பிறகு தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் சொல்வார்கள்.

இரண்டு நிலத்துக்கும் நல்ல தோழன் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். பூக்கும் முன் மடக்கி உழுதுவிட வேண்டும். உப்பைத் தாங்கி வளரும். மக்கினால் மண் பொலபொலப்பாகும்.

நடவிலும் ஒரு யுக்தி உண்டு. நெல் எல்லா வயதிலும் உப்புக்கு ஒரே மாதிரி பயப்படுவது இல்லை. இளம் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் அதற்கு உப்பு ஆகாது. ஆகவே உப்பு வயலில் இளம் நாற்று நடக் கூடாது. 30 நாளுக்கு மேல் ஆன நாற்றாகப் பார்த்து, குத்துக்கு மூன்று நான்காக நட வேண்டும். சில போனாலும் சில நிற்கும்.

உப்பு கழுவினால் போகும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி, கடலூர், நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடலையே கொண்டுவந்து ஊற்றியது. இனி இங்கே பயிர் ஏது என்று பலர் தலையில் கை வைத்தார்கள். மறு ஆண்டு, 2005 ஐப்பசி, கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கியது. கெட்ட பெயர் வாங்கிய அந்த மழைதான் பல வயல்களில் உப்பைக் கழுவிக் கொண்டுபோயிற்று.

தாத்தா காலத்து விதை

உப்பு புதிது இல்லை. கடற்கரையில் நெல் பயிரிட்ட காலம் முதல் உண்டு. நம் முன்னோர் அதற்கு ஏற்ற விதையும் வைத்திருந்தார்கள். குழியடிச்சான், களர்பாலை, குடவாழை என்றெல்லாம் பெயர்கள். வேதாரண்யம் பக்கத்தில் குடவாழை பெயர் பெற்றது. மகசூல் குறைவுதான். ஆனால் உப்பு ஏறிய வருஷத்திலும் வீட்டுக்குச் சோறு போடும்.

அதிக மகசூல் தரும் புது ரகங்கள் வந்ததும் இந்த விதைகள் மறைந்தன. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் "நெல்" ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். வட்டிக் கடைக்காரர் கேட்டால் மயங்கி விழுவார்! ஆனால் விதை விஷயத்தில் இந்த வட்டி எல்லோருக்கும் லாபம். 2018-ம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அவர் கொடுத்த விதைகள் வயலில் இருக்கின்றன.

கேரளத்தில் "பொக்காளி" என்று ஒரு நெல். மழைக் காலத்தில் உப்பு குறைந்ததும் அதை விதைக்கிறார்கள். அறுத்த பிறகு அதே வயலில் கடல் நீரை விட்டு இறால் வளர்க்கிறார்கள். மறு மழை உப்பைக் கழுவுகிறது. கடலோடு மல்லுக்கட்டாமல் கூட்டு வைத்துக்கொண்டார்கள்! இந்தப் பொக்காளியில் உப்பைத் தாங்கும் குணம் எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, அதை மற்ற நெல்லில் சேர்த்து வருகிறார்கள்.

வேளாண் துறை கொடுக்கும் ரகங்களிலும் உப்பைத் தாங்குபவை உண்டு. கோ-43, திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய்.-1, டி.ஆர்.ஒய்.-3 ஆகியவை அவை. உப்பை ஓரளவுதான் தாங்கும். கடல் நீரில் விளையும் நெல் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

வெள்ளத்துக்கும் விதை வந்திருக்கிறது. ஒடிசாவில் பழைய நெல் ஒன்று, தண்ணீரில் மூழ்கினாலும் சாகாமல் கிடந்தது. மற்ற நெல் மூழ்கினால் மூச்சுத் திணறி மேலே எழும்பப் பார்க்கும். அதிலேயே சக்தி எல்லாம் போய்ச் சாகும். இந்த நெல்லோ அசையாமல் சேமித்துக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அந்தக் குணத்தை நம் ஊர் விவசாயிகள் பொன்மணி என்று அழைக்கும் சி.ஆர்.-1009 நெல்லில் சேர்த்தார்கள். "சி.ஆர்.-1009 சப்-1" என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். ஆனால் இளம் பயிராக இருக்கும்போதுதான். தை மாதத்து மழையில் கதிர் சாய்ந்தால் இதுவும் தப்பாது. அதற்கு இன்ஷூரன்ஸ்தான் வழி. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். பெரும்பாலும் நவம்பர் மாதப் பாதியில் கெடு முடியும்.

உப்பைக் கக்கும் மரம்

பிச்சாவரத்தில் இன்னொரு அதிசயம். அங்கே வெண்கண்டல் என்ற மரம் இருக்கிறது. கடல் நீரைக் குடித்து வாழ்கிறது. குடித்த உப்பை இலை வழியே வெளியே கக்கிவிடுகிறது. இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

இந்த மரத்தின் வித்தையை நெல்லுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன? டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தார் இப்படித்தான் யோசித்தார்கள். வெண்கண்டலின் மரபணுவை எடுத்து நெல்லில் வைத்துச் சோதித்தார்கள். சோதனைச் சாலையில் நெல் உப்பைத் தாங்கியது. ஆனால் அந்த நெல் விவசாயியின் வயலுக்கு இன்னும் வரவில்லை. வேறு செடியின் மரபணுவைச் சோற்றுப் பயிரில் வைக்கலாமா என்ற வழக்கு நாட்டில் ஓயவில்லை. வேறு செடியிடம் கடன் வாங்காமல், நெல்லின் மரபணுவையே திருத்தி வறட்சிக்கும் உப்புக்கும் ஈடு கொடுக்கும்படி செய்த "பூசா டி.எஸ்.டி. நெல்-1" என்ற ரகத்தை 2025-ம் ஆண்டு மே மாதம் மத்திய அரசாங்கம் அறிவித்தது.

காடே ஒரு வரப்பு

மரத்தின் மரபணு வயலுக்கு வராவிட்டாலும், மரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஒரு பெயர். தில்லை என்பதும் பிச்சாவரம் காட்டில் வளரும் ஒரு மரமே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். ஒரு காலத்தில் கோவில் நகரம் வரை இந்தக் காடு இருந்ததாகச் சொல்வார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து விறகுக்கு அடியோடு வெட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது சில காலம் நடந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் நின்ற கடல் நீர் வடிய வழி இல்லாமல் வற்றி வற்றி, கடலை விட அதிகமாக உப்பானது. உப்பில் வாழும் மரமே அங்கு முளைக்கவில்லை!

சுவாமிநாதன் நிலையத்தாரும் வனத்துறையாரும் ஊர் மக்களும் 1990-களில் ஒரு வேலை செய்தார்கள். மீன் முள் போல வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இரு பக்கமும் சிறு வாய்க்கால்கள். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, இறக்கத்தில் வெளியே போனது. தேங்கிய உப்பு கழன்றது. கன்று நட்டார்கள். வளர்ந்தது. வயலுக்குச் சொன்ன அதே வைத்தியம்தான் இது!

சுனாமி அன்று இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 18 குப்பங்களை ஒப்பிட்டு எழுதினார்கள். தூரமும் மேடும்தான் காரணம், காடு மட்டும் அல்ல என்று வேறு சிலர் மறுத்தார்கள். காட்டு ஓடைகளில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்களிடம் கேட்டால், இந்த விவாதத்துக்கு அவர்கள் நிற்க மாட்டார்கள். 2022-ம் ஆண்டில் பிச்சாவரம், உலகம் காக்க வேண்டிய ஈர நிலங்களின் "ராம்சார்" பட்டியலில் சேர்ந்தது.

காட்டுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கடல் நீர் மட்டும் போதாது. வயலுக்கும் காட்டுக்கும் ஒரே தேவை. கொள்ளிடத்தின் முகத்துவாரத்துப் பக்கம் தடுப்பணை வேண்டும், வடிகால்களைத் தூர் வார வேண்டும் என்று கடைமடை விவசாயிகள் கேட்டு வருவது இதனால்தான்.

ஆவணி பிறந்ததும் வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிறதா என்று அவர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். வந்ததும் மடையைத் திறந்து வயலில் தேக்குகிறார்கள். வெள்ளையாகப் பூத்த உப்பு கரைகிறது. இரண்டு நாள் கழித்து வரப்பை வெட்டி விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் வடிகாலில் இறங்கி, கான்சாகிப் வாய்க்காலில் சேர்ந்து, சுரபுன்னைக் காட்டுக்குள் போகிறது. சுற்றுலாப் படகுகள் அதன் மேல்தான் மிதக்கின்றன.